கண்ணுக்குப் பின்னால் எத்தனை வாசல்?

இந்த மாதம் அறிவியல் பகுதி எழுத என் முறை. இது சும்மா படிச்சுட்டுப் போற பாடம் இல்லை, கூடவே செய்து பார்க்கணும். அதனால் முதலில் குழாயில் கை கழுவிட்டு வந்து நில்லுங்க. கண் பக்கத்தில் விரல் வைக்கப் போறோம்.

புருவத்துக்கு அடியில் எலும்பு விளிம்பு ஒன்று இருக்கிறது. மூக்குப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஆள்காட்டி விரலால் அந்த விளிம்பைத் தடவிக்கொண்டே வெளிப்பக்கம் போங்க. மூக்கின் நடுக்கோட்டிலிருந்து சுமார் இரண்டரை சென்டிமீட்டர் போனதும் சின்னதா ஒரு பள்ளம் தட்டுப்படும். லேசா அழுத்துங்க. சுருக்குன்னு ஒரு வலி நெற்றிக்கு ஏறுதா? அங்கே கண்குழியிலிருந்து ஒரு நரம்பு வெளியே வந்து, நெற்றி வழியா உச்சந்தலை வரைக்கும் போகுது. சிலருக்குப் பள்ளம் அகப்படாது. பயப்பட வேண்டாம். அவங்களுக்கு அது பள்ளமா இல்லாம, எலும்பிலேயே ஒரு முழுத் துவாரமா கொஞ்சம் மேலே தள்ளி இருக்கும். ஒரே ஆளுக்கு வலது பக்கம் பள்ளம், இடது பக்கம் துவாரம் என்றும் இருப்பதுண்டு. பக்கத்தில் ஒட்டியிருக்கிற படத்தில் இதை 1 என்று சிவப்பு மையில் குறித்திருக்கிறேன்.

நாம எல்லாரும் கண்குழி என்றால் ஒரு கிண்ணம் மாதிரி, அதுக்குள்ள கண் உருண்டை உட்கார்ந்திருக்கு என்றுதான் நினைக்கிறோம். கிண்ணத்தில் ஓட்டை இருந்தால் அது வீணாப்போன கிண்ணம். ஆனால் கண்குழியில் ஓட்டைகள் இல்லையென்றால் கண்தான் வீண். பார்க்கிறது, அசைகிறது, அழுகிறது, தொட்டால் உணர்கிறது எல்லாமே இந்த ஓட்டைகள் வழியா நடக்கிறது. எங்க சித்தி ஒரு கண் மருத்துவமனையில் செவிலியரா வேலை பார்க்கிறாங்க. அவங்க சொல்லித்தான் எனக்கு இந்த விஷயத்தில் ஆசை வந்தது. மீதியை நம்ம ஆய்வகத்துப் பீரோவில் இருக்கிற பிளாஸ்டிக் மண்டையோட்டை வைத்துப் பார்த்தேன். (பசங்க அந்த மண்டையோட்டுக்கு வைத்திருக்கிற பேரை இங்கே எழுத முடியாது.)

கண்குழி கிண்ணம் இல்லை, கூம்பு. கடைக்காரர் கடலை மடித்துக் கொடுப்பாரே காகிதக் கூம்பு, அதைப் படுக்க வைத்த மாதிரி. வாய் நம்ம முகத்தில், கூர்முனை உள்ளே மூளைப் பக்கம். வாயின் அகலம் சுமார் 4 சென்டிமீட்டர், உயரம் மூன்றரை, ஆழம் நாலரை. கண் உருண்டையின் விட்டம் 2.4 சென்டிமீட்டர்தான். அதாவது குழியின் கொள்ளளவில் கண் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு இடத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. மீதி இடத்தில் கொழுப்பு, ஆறு தசைகள், நரம்புகள், இரத்தக் குழாய்கள். இந்தக் கூம்பை ஒரே எலும்பால் செய்யவில்லை. நெற்றி எலும்பு, கன்ன எலும்பு, மேல்தாடை எலும்பு, ஆப்பெலும்பு, சல்லடை எலும்பு, கண்ணீர் எலும்பு, அண்ண எலும்பு என்று ஏழு எலும்புகள் ஒட்டுப்போட்டுச் சேர்ந்திருக்கின்றன. அண்ண எலும்பு வாயின் மேற்கூரையைச் சேர்ந்தது. அது எப்படியோ ஒரு துணுக்கை மேலே நீட்டி இங்கேயும் பங்கு வாங்கிக்கொண்டது.

கூம்பின் கூர்முனையில்தான் முக்கியமான வாசல் இருக்கு. படத்தில் 2. இது ஒரு சின்னக் குழாய். நீளம் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, உள்ளே பென்சில் நுழையாது. பார்வை நரம்பு மூளைக்குப் போவது இது வழியாத்தான். கண்ணுக்கு இரத்தம் கொண்டுவரும் தமனியும் இதே குழாயில் நரம்போடு ஒட்டிக்கொண்டு வருகிறது. ஒரு கண்ணின் பார்வை நரம்பில் சுமார் 10 முதல் 12 லட்சம் நரம்பிழைகள் இருக்கின்றன. அத்தனையும் அந்தச் சின்ன வழியில் நெருக்கிக்கொண்டு போகணும்.

கண்ணின் பின்பக்கத்திலிருந்து இந்தக் குழாய் வாய் வரைக்கும் நேர்தூரம் இரண்டு சென்டிமீட்டருக்குள். ஆனால் நடுவில் இருக்கும் நரம்பின் நீளம் இரண்டரைக்கு மேல். ஏன் மிச்சம்? கொடியில் துணி காயப்போடும் கயிறு தொய்ந்திருக்கிற மாதிரி நரம்பு கொஞ்சம் வளைந்து தொய்வா இருக்கு. அதனால்தான் நாம கண்ணை மேலே கீழே உருட்டும்போது நரம்பு இழுபடுவதில்லை. யோசித்துப் பாருங்க, எவ்வளவு கெட்டிக்கார ஏற்பாடு!

ஆனால் குழாய்க்குள் நுழைந்ததும் அந்தத் தொய்வு கிடையாது. அங்கே நரம்பின் மேலுறை எலும்போடு ஒட்டியிருக்கும். புருவத்தில் பலமா அடிபட்டால் அந்த அதிர்ச்சி கண்குழியின் கூரை எலும்பு வழியா ஓடி இந்தக் குழாயில் வந்து சேரும். நரம்பு நகர்ந்து தப்பிக்க இடம் இல்லை. நசுங்கும், அல்லது வீங்கி நெருக்குப்படும்.

எங்க தெருவில் ஒரு அண்ணன் 2023 தீபாவளி சமயத்தில் வண்டியிலிருந்து விழுந்தார். ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. புருவம் கல்லில் பட்டு மூன்று தையல். கண் சிவக்கக்கூட இல்லை. பார்க்கிறவங்க எல்லாம் நல்லவேளை கண்ணு தப்பிச்சுதுன்னு சொன்னாங்க. அந்த அண்ணனும் அப்படித்தான் நம்பினார். நாலு நாள் கழித்து முகம் கழுவும்போது இடது கண்ணில் சோப்பு பட்டு அதை மூடினார். வலது கண் திறந்துதான் இருந்தது, ஆனால் ஒரே இருட்டு. கண் முழுசா இருக்கு, கருவிழி பளபளன்னு இருக்கு, பார்வை மட்டும் இல்லை. சித்திதான் அவரைக் கூட்டிப்போனாங்க. இப்படி நரம்பு நசுங்கினால் மாத்திரை, ஊசி, ஆபரேஷன் எதுவும் நிச்சயம் பலன் தரும் என்று சொல்ல முடியாதாம். சிலருக்குத் தானாகவே கொஞ்சம் திரும்புகிறது. இந்த அண்ணனுக்கு ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரிகிற அளவுக்குத்தான் வந்தது.

இதில் நாம கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருந்தால் ஒரு கண் போனது தெரியாது. நல்ல கண் எல்லா வேலையையும் பார்த்துக்கொள்ளும். அதனால் தலையிலோ புருவத்திலோ அடிபட்டவங்களிடம் ஒவ்வொரு கண்ணா மூடச் சொல்லி, என் கையில் எத்தனை விரல்னு கேட்கணும். மருத்துவர் டார்ச் வைத்து இன்னொரு சோதனை செய்வார். கருவிழி நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம்தான் கண் பாவை. நல்ல கண்ணில் வெளிச்சம் அடித்தால் இரண்டு கண்ணின் பாவையும் சேர்ந்து சுருங்கும். உடனே டார்ச்சை நரம்பு கெட்ட கண்ணுக்குக் கொண்டுபோனால், சுருங்க வேண்டிய பாவை விரியும். வெளிச்சம் வந்த செய்தி மூளைக்குச் சரியாப் போய்ச் சேராததால் அப்படி. பேச்சு இல்லாமல் மயங்கிக் கிடப்பவரிடம்கூட இதைப் பார்க்கலாம்.

பார்வை நரம்புக் குழாய்க்குப் பக்கத்திலேயே வெளிப்புறமாக ஒரு நீளமான பிளவு இருக்கு. படத்தில் 3. சுமார் 2 சென்டிமீட்டர் நீளம், மூக்குப் பக்கம் அகலமா, வெளிப்பக்கம் போகப்போக ஒடுங்கி. ஆப்பெலும்பு இரண்டு ஜோடி இறக்கை விரித்த வண்ணத்துப்பூச்சி மாதிரி இருக்கும். சின்ன இறக்கைக்கும் பெரிய இறக்கைக்கும் நடுவில் இருக்கிற சந்துதான் இந்தப் பிளவு. கண்ணை அசைக்கிற மூன்று நரம்புகளும் இது வழியா வருகின்றன. மூளை நரம்புகளில் 3, 4, 6 என்ற எண்கள். 4-வது ஒரே ஒரு தசைக்கு, 6-வது ஒரே ஒரு தசைக்கு. 3-வது நரம்புதான் பாவம், மீதி நாலு தசை, மேல் இமையைத் தூக்குவது, பாவையைச் சுருக்குவது எல்லாம் அதன் தலையில். கண்ணுக்கும் நெற்றிக்கும் தொடு உணர்வு கொடுக்கும் நரம்பும் இதில்தான் வரும். நம்ம முதல் பள்ளத்தில் வெளியே வந்ததே, அது இதன் கிளை. இந்தப் பிளவில் ஏதாவது நசுங்கினால் இமை விழுந்துவிடும், கண் அசையாமல் நிற்கும், நெற்றி மரத்துப்போகும், ஆனால் பார்வை இருக்கலாம். 2-ல் கோளாறு என்றால் கண் நல்லா அசையும், பார்வை இருக்காது. எது வேலை செய்யலைன்னு பார்த்தே எந்த வாசலில் சிக்கல் என்று கண்டுபிடிக்கலாம். இதைச் சித்தி சொன்னப்போ எனக்குத் துப்பறியும் கதை மாதிரி இருந்தது.

அடுத்தது தரை. கண் எந்தத் தரை மேலே இருக்கு தெரியுமா? பல இடங்களில் அந்த எலும்பு அரை மில்லிமீட்டர்தான். அதுக்குக் கீழே மேல்தாடை எலும்புக்குள் காற்று நிறைந்த அறை. தரைக்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் பின்பக்கமாக இன்னொரு பிளவு, படத்தில் 4. அதில் நுழையும் ஒரு நரம்பு தரையிலேயே ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டு முன்னால் வந்து, கன்னத்தில் ஒரு துவாரம் வழியா வெளியே வரும். படத்தில் 5. கண்ணுக்குக் கீழே இருக்கும் எலும்பு விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள், கண்ணாடியில் நேராப் பார்க்கும்போது பாவைக்கு நேர் கீழே. கீழ் இமை, மூக்கின் பக்கவாட்டு, மேல் உதடு, மேல் வரிசை முன்பற்கள் இவற்றின் உணர்வு எல்லாம் இந்த நரம்பில்தான்.

விளையாடுகிறவங்க கொஞ்சம் நின்னு படிங்க. கிரிக்கெட் பந்தின் விட்டம் ஏழு சென்டிமீட்டர் சொச்சம். கண்குழியின் வாய் நாலுதான். அதனால் பந்து முதலில் சுற்றி இருக்கிற எலும்பு விளிம்பில் மோதும். இறகுப்பந்தின் கார்க் இரண்டரை சென்டிமீட்டர்தான் இருக்கும், கிட்டிப்புள்ளில் பறந்து வரும் புள்ளின் முனை அதைவிடச் சின்னது. விளிம்பு தடுக்காது, நேரா கண்ணுக்கே போகும். பெரிய பந்து என்றாலும் தப்பிச்சாச்சுன்னு அர்த்தமில்லை. 1957-ல் அமெரிக்காவில் ஸ்மித், ரீகன் என்ற இரண்டு மருத்துவர்கள் இறந்த ஒருவரின் கண் மேல் ஒரு விளையாட்டுப் பந்தை வைத்து, பந்தைச் சுத்தியலால் அடித்துப் பார்த்தாங்க. விளிம்பு உடையவில்லை. உள்ளே மெல்லிய தரைதான் உடைந்து கீழே போனது. கேட்க ஒரு மாதிரி இருந்தாலும், அப்புறம்தான் இந்த முறிவு எப்படி ஏற்படுதுன்னு எல்லாருக்கும் விளங்கியது. தரை விட்டுக்கொடுப்பதால் பல சமயம் கண் உருண்டை உடையாமல் தப்புகிறது. நம்ம வீட்டில் ஃபியூஸ் போய் டிவியைக் காப்பாத்துதே, அந்த மாதிரி.

தரை உடைந்தால் வாய்க்காலில் போகும் அந்த நரம்பும் அடிபடும். கன்னமும் மேல் உதடும் பல் ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட மாதிரி மரத்துவிடும். ஒரு பொருள் இரண்டாகத் தெரியலாம். அந்தச் சமயத்தில் மூக்கைச் சிந்தவே கூடாது. கீழே இருக்கும் காற்றறையிலிருந்து காற்று உடைந்த தரை வழியா கண்குழிக்குள் ஏறி இமை உப்பிவிடும்.

பெரியவங்களுக்கு இல்லாத ஒரு ஆபத்து நம்ம வயசுக்காரங்களுக்கு இருக்கு. பெரியவங்க எலும்பு காய்ந்த சுள்ளி, பட்டென்று உடையும். நம்ம எலும்பு பச்சைக் குச்சி, வளைந்து திரும்பப் பழைய இடத்துக்கே வந்துவிடும். தரை கதவு மாதிரி ஒரு விநாடி கீழே திறந்து மூடிக்கொள்ளும்போது, கண்ணைக் கீழே இழுக்கிற தசை நடுவில் மாட்டிக்கொள்ளும். எலிப்பொறிதான். வெளியே பார்த்தால் கண் வெள்ளையா இருக்கும், வீக்கம்கூட இருக்காது. ஆனால் மேலே பார்க்கச் சொன்னால் அந்தக் கண் மட்டும் மேலே போகாது. பார்க்க முயன்றால் வலிக்கும், வாந்தி வரும். நாடித்துடிப்புகூடக் குறையும். வாந்தி எடுக்கிறானே, தலையில் அடியா, வெயிலா, காலையில் சாப்பிடலையா என்று நம்ம வேற எங்கேயோ யோசிப்போம். மாட்டிய தசைக்கு இரத்தம் போகாமல் அது கெட்டுவிடும் என்பதால் ஒன்றிரண்டு நாளுக்குள் ஆபரேஷன் செய்து விடுவிக்கணும். அதனால் பந்து பட்டவனை நிழலில் உட்கார வைத்துத் தண்ணி கொடுப்பதோடு விடாமல், தலையை அசைக்காம என் விரலைப் பாருன்னு மேலே, கீழே, இடம், வலம் காட்டச் சொல்லுங்க. விளையாட்டு ஆசிரியர் இதை மைதானத்தில் எல்லாருக்கும் ஒரு தடவை செய்து காட்டினால் நல்லா இருக்கும். இது என் வேண்டுகோள்.

இனி அழுகை வாசல். அழுதால் மூக்கு ஒழுகுதே, ஏன்? கண்ணின் உள்மூலைக்குப் பக்கத்தில் கீழ் இமை ஓரத்தை லேசா வெளியே இழுத்துக் கண்ணாடியில் பார்த்தால் ஊசிமுனை அளவு ஒரு புள்ளி தெரியும். மேல் இமையிலும் ஒன்று உண்டு. கண்ணீர்ச் சுரப்பி இருப்பது குழியின் மேல் வெளிமூலையில். அங்கிருந்து வரும் ஈரம் கண் முழுக்கப் பரவி, நாம இமைக்க இமைக்க இந்தப் புள்ளிகளுக்குள் உறிஞ்சப்பட்டு, ஒரு சின்னப் பையில் சேர்ந்து, எலும்பில் இருக்கும் ஒரு கால்வாய் வழியா மூக்குக்குள் இறங்குது. படத்தில் 6. தினமும் சத்தமில்லாமல் நடக்கிற வேலை இது. அழும்போது வரத்து அதிகமாகி, கொஞ்சம் கன்னத்திலும் கொஞ்சம் மூக்கிலும் வழிகிறது. கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டால் தொண்டை கசக்கிறதே, அதுவும் இந்த வழிதான். மருந்து விட்டதும் கண்ணை மூடி, உள்மூலையை ஒரு நிமிஷம் விரலால் அழுத்திக்கொண்டால் மருந்து கண்ணிலேயே நிற்கும். என் பாட்டிக்கு நான்தான் இப்படி அழுத்திவிடுகிறேன்.

சில பிறந்த குழந்தைகளுக்கு இந்தக் கால்வாயின் கீழ்வாயில் ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கும். கண்ணில் எப்பவும் தண்ணீரும் பீளையும். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு வயசுக்குள் தானாகத் திறந்துவிடும். மருத்துவர் சொல்லிக்கொடுக்கிற மாதிரி உள்மூலையில் அழுத்தி நீவிவிடணும். எண்ணெயோ தாய்ப்பாலோ கண்ணில் விட்டால் சவ்வு திறக்காது, கிருமிதான் போகும். இதைப் பெரியவங்ககிட்ட யார் சொல்றது என்பதுதான் கஷ்டம். பெரியவங்களுக்குக் கால்வாய் அடைத்துக்கொண்டால் வேற வழி. கண்ணீர்ப்பைக்கும் மூக்குக்கும் நடுவில் இருக்கிற எலும்பில் புதுசா ஒரு ஓட்டை போட்டு நேர்வழி செய்துவிடுவாங்க. 1904-ல் இத்தாலிக்காரர் டோட்டி என்பவர் இந்த ஆபரேஷனை வெளியிட்டார். இயற்கை வைத்த ஓட்டை அடைத்தால் மனிதன் ஒரு ஓட்டை போடுகிறான்!

மூக்குப் பக்கத்துச் சுவரில் இன்னும் இரண்டு குட்டித் துவாரங்கள், மூக்குக்குள் இரத்தம் கொண்டுபோக. அந்தச் சுவர் எலும்பு காகிதம் மாதிரி மெல்லிசு. 2021-ல் கொரோனா சமயத்தில் கருப்புப் பூஞ்சை என்று பேசிக்கொண்டோமே, அது மூக்கிலிருந்து கண்ணுக்குப் பரவியது இந்தப் பக்கமாகத்தான். கன்ன எலும்பிலும் ஒரு பொடித் துவாரம் உண்டு. சிலருக்கு ஒன்று, சிலருக்கு இரண்டு மூன்று, சிலருக்கு இல்லவே இல்லை.

நம்ம பிளாஸ்டிக் மண்டையோட்டில் 2-ம் 3-ம் திறந்திருக்கு, 6 அடைத்திருக்கு. அச்சில் வார்க்கும்போது மூடிக்கொண்டது போல. அதனால் ஏரிக்கரையில் காய்ந்து கிடந்த ஒரு ஆட்டு மண்டையை எடுத்துவந்து பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி வைத்திருக்கிறேன் (அம்மா வீட்டுக்குள் விடவில்லை, திண்ணையோடு சரி). ஆட்டுக்கும் கண்ணைச் சுற்றி எலும்பு வளையம் முழுசா இருக்கு. நாய்க்கு அந்த வளையம் வெளிப்பக்கத்தில் எலும்பா இல்லாமல் வெறும் நாரா இருக்கும். ஆட்டின் நெற்றியிலும் நம்ம 1 மாதிரி துவாரம் உண்டு. கண்குழியின் முன்விளிம்பில் இருக்கும் கண்ணீர்த் துவாரத்தில் மெல்லிய ஈர்க்குச்சியை விட்டால் மூக்குப் பக்கம் போகிறது. குழியின் ஆழத்தில் இருக்கும் துவாரத்தில் விட்டால், கழுத்து எலும்பு சேரும் பெரிய ஓட்டை வழியா எட்டிப் பார்க்கும்போது, மூளை இருந்த இடத்தில் குச்சி முனை தெரிகிறது. வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் ஆய்வகத்துக்குக் கொண்டுவருகிறேன். அறிவியல் டீச்சரிடம் அனுமதி கேட்டாச்சு. வருகிறவங்க ஆளுக்கு ஒரு ஈர்க்குச்சி கொண்டுவாங்க.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி